தாமதக் கட்டணம்

நிமியா ஒர்த்தேகா பெயரில்
ஒரு புத்தகம் இன்னும் வெளியே இருக்கிறது என்கிறது கணினி.
சிறுநீரக நோய்கள், மூன்றாம் பதிப்பு.
நாளொன்றுக்கு ஐந்நூறு குவாரனி அபராதம்,
நானூற்று அறுபத்தொரு நாள்.
கணக்கில் நான் கெட்டி. ஆனாலும் பெருக்கிப் பார்க்கவில்லை.

கொரோனல் ஒவியேதோ, செவிலியர் கல்லூரி நூலகம்.
பதினாறு வருடமாக இங்கே முத்திரை குத்துகிறேன்.
கோவிலுக்குள் நான் போனது
கல்யாணத்துக்கு ஒருமுறை,
அது கலைந்தபோது யாரும் பார்க்காமல் அழ ஒருமுறை.
தெரிந்தேதான் என்னிடம் வந்தார்கள் அந்த மூன்று பேரும்.
"தோன்யா எவாரிஸ்தா, விளக்கை அணைத்துவிடாதீர்கள்,
இன்னும் இரண்டு தேவ இரகசியம் பாக்கி."

மருந்தியல் அலமாரிக்குப் பின்னால்
மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில்
குவாரனி மொழியில் ஓடும் செபமாலை.
லீதியோ ஒரு சொல் பின்தங்குவான்,
சுனில்தா இரண்டு சொல் முந்துவாள்,
நடுவில் நிமியா
முரண்டு பிடிக்கும் இரட்டை மாட்டை ஓட்டுகிறவள்போல.
நான் பட்டியல் எழுதிக்கொண்டிருப்பேன்.
எழுதியதில் பாதி தப்பாக இருக்கும்.

இப்போது கல்லூரி வாசலில் படம் வைத்திருக்கிறார்கள்.
மூன்று தலைக்குப் பின்னாலும் மஞ்சள் வட்டம்.
லீதியோ பார்த்தால் சிரித்திருப்பான்.
சீட்டில் ஏமாற்றுவான் அவன்,
சனிக்கிழமை அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடுவான்,
காசை மட்டும் திருப்பித் தரமாட்டான்.
சுனில்தா தேர்வுக்கு முந்தின இரவு
அந்தோனியாரைத் தலைகீழாக நிறுத்திவைப்பாள்.
தேறியதும் நிமிர்த்தி, துடைத்து, மன்னிப்புக் கேட்பாள்.
நிமியா, கால் கழுவும் பயிற்சியில்
விரலிடுக்கு ஒவ்வொன்றாகத் துவட்டினாள்.
"பொம்மைதானே, விடு" என்றார் ஆசிரியை.
"ஈரமாக இருக்கிறதே" என்றாள்.

டிசம்பர் ஆறு. இரவிலும் தார் கொதித்தது.
லீதியோவின் தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன.
ககுப்பே மாதாவுக்கு நடந்தே வருகிறோம் என்று
மூவரும் நேர்ந்துகொண்டார்கள்.
நிமியா மட்டும் கூடவே புத்தகமும் எடுத்துப் போனாள்.
"அம்மாவிடம் கேட்பதைத் தெளிவாகக் கேட்க வேண்டாமா?"
பத்தாம் தேதிக்குள் கொண்டுவா என்றேன்.
அதுதான் நான் அவளிடம் கடைசியாகச் சொன்னது.
பத்தாம் தேதிக்குள் கொண்டுவா.

அதிகாலை மூன்று, இத்தாகுருபி தாண்டி,
சோயா ஏற்றிய லாரி. ஓட்டியவன் தூங்கிப்போனான்.
சாலையோரம் சிப்பா விற்கிற பெண்தான் முதலில் ஓடினாள்.
அவள் சொன்னாள்:
பிள்ளைகளின் தெர்மோஸ் புல்லில் கிடந்தது,
மாத்தேக்குப் போட்ட ஐஸ்கட்டி
இன்னும் உருகியிருக்கவில்லை.

மாதாவோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.
அன்று பேசினேன்.
எழுத்தில் வைக்கிற வார்த்தைகள் இல்லை அவை.
பதில் வந்ததா என்று கேட்காதீர்கள்.
மறுவாரம் ஆறு மணிக்கு விளக்கை அணைக்கப் போய்
கை சுவிட்சிலேயே நின்றது,
அவ்வளவுதான்.

இன்று மதியம் ஒருத்தி வந்தாள்.
பதினேழு இருக்கும். வீங்கிய முகம்,
முழங்கைக்கு மேல் டயாலிசிஸ் ஊசியின் தழும்புகள்.
லீதியோவின் புருவம்.
அன்தோலினா என்றாள். பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்:
முதுகு பிளந்து, மழையில் ஊறிக் காய்ந்து,
இருமடங்கு தடித்துப்போன சிறுநீரக நோய்கள்.
போலீஸ் தந்த மூட்டையில் இருந்ததாம்.
ஏழாம் அத்தியாயத்தில் அமலோற்பவ மாதா படம்,
நீலம் எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருந்தது.
ஓரத்தில் நிமியாவின் பென்சில்:
'இதை லீதியோவுக்கு எளிதாகச் சொல்ல வேண்டும்.'

"எவ்வளவு கட்ட வேண்டும்?" என்றாள்.
நான் திரையைப் பார்த்தேன்.
"படித்தாயா?"
"ஏழுவரை. அதற்குமேல் அவள் கோடு போடவில்லை,
எனக்குப் புரியவில்லை."

விடுமுறை போக மீதி என்று ஏதோ முனகிக்கொண்டு
முத்திரையைத் தேதி மாற்றினேன்.
கடன்பெற்றவர்: நிமியா ஒர்த்தேகா.
மேலும் பதினைந்து நாள்.

"எட்டை இங்கே உட்கார்ந்து படி" என்றேன்.
"அந்த மூலையில் வேண்டாம், காற்று வராது."
அவள் அந்த மூலைக்கே போனாள்.