படத்தில் விரல்கள் இல்லை

படிவத்தின் ஏழாம் பக்கத்தில் ஒரு மனிதன் இருக்கிறான்.
முன்புறம் ஒன்று, முதுகுப்புறம் ஒன்று.
முகம் கிடையாது. ஆணா பெண்ணா தெரியாது.
எங்கே வலிக்கிறது என்று கேட்டு
அவன்மேல் நான் பெருக்கல் குறி போட வேண்டும்.
வீட்டுக்கு இருபது நிமிடம்.
நாளைக்குப் பதினொரு வீடு.

குராகே மலையில் மழை விட்டிருந்த காலை.
பொய்வாழைத் தோப்புக்குள் வட்ட வட்டமாய் வீடுகள்.
தின்னப் பழம் தராத வாழை இது.
மட்டையைச் சுரண்டி, குழியில் புதைத்து,
மாதக்கணக்கில் புளிக்கவிட்டுத்தான் ரொட்டி.

ஷஷிது கொல்லையில் இருந்தாள்.
ஈரத் தரையில் உட்கார்ந்து, பலகையைச் சாய்த்து,
ஒரு காலை நெற்றி உயரத்துக்குத் தூக்கி
குதிகாலால் மட்டையை அழுத்திக்கொண்டு
மூங்கில் பட்டையால்
இழுத்து,
இழுத்து,
இழுத்து.

"கடந்த ஏழு நாட்களில்
மூட்டிலோ தசையிலோ வலி, வீக்கம், பிடிப்பு?"
"இல்லை" என்றாள், காலை இறக்காமல்.
இல்லை என்று எழுதினேன்.

உள்ளே கூப்பிட்டு அடுப்பருகே உட்கார்ந்து
காப்பிக்கொட்டை வறுத்தாள், இடித்தாள், ஊற்றித் தந்தாள்,
எழுந்தாள்.
எழுந்தாள் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன்.
முதலில் ஒரு கை தரையில்.
அப்புறம் ஒரு முழங்கால். அப்புறம் ஒரு மூச்சு.
அப்புறம் வீட்டின் நடுக்கம்பத்தைப் பற்றி
கைக்குமேல் கை மாற்றி,
கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதுபோல்
தன்னையே இழுத்து எடுத்தாள்.
கம்பம் முழுக்கப் புகைக்கரி.
இடுப்பு உயரத்தில் ஒரு முழம் மட்டும்
மரம் பளபளவென்று இருந்தது.

"வலி இல்லை என்றீர்களே?"
"இது வலியா?
இது எழுந்திருக்கிறது."

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குள் போனாலும்
பேரைக் கேட்பதற்கு முன்
கம்பத்தைப் பார்த்தேன்.

நிகாட்டு ஒருவன்தான் வாய்விட்டுச் சொன்னான்,
கல்யாணச் செலவுக் கணக்குச் சொல்வதுபோல:
கழுத்து, வலது தோள், குறுக்கு, இரண்டு முட்டியும்.
ஒன்பது வருடம் அடிஸ் அபாபாவில் சிமெண்டு மூட்டை.
"கூலியில் பாதி இந்தத் தகரக் கூரை,
மீதி இதோ" என்று தோளைத் தட்டினான்.
தட்டியதும் முகம் சுளித்தான்.
அவன் மனைவி சிரித்தாள். அவனும்.

பதினான்காம் கேள்வி:
வலியால் வேலையை நிறுத்தியதுண்டா?
யாரும் உண்டு என்று சொல்லவில்லை.
"நிறுத்தினால்?" என்று திருப்பிக் கேட்டாள் அமரெச்.
அதற்கு என்னிடம் கட்டம் இல்லை.
'இல்லை எனில் ஒன்பதாம் பக்கத்துக்குச் செல்க'
என்கிறது கையேடு. சென்றேன்.
மருந்தும் மருத்துவமனையும் எட்டாம் பக்கத்தில்.
அது நாள் முழுக்க வெள்ளையாகவே கிடந்தது.

ஒரு வீட்டில் மட்டும் கம்பம் கறைபடாமல்,
மரப்பட்டை வாசம்கூடப் போகாமல் நின்றது.
மூன்று மாதத் தம்பதி.
அவள் ஒரே துள்ளலில் எழுந்துபோய்
எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.
நான் ஏனோ வேறு பக்கம் பார்த்தேன்.

கடைசி வீடு சிர்குத். வயது முப்பத்தெட்டு.
பதில் சொல்லாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இவனுக்கு விரல் இல்லையே."
உண்மைதான். கை இரண்டும் அகப்பைபோல் முடிந்திருந்தன.
இத்தனை வீடு ஏறி இறங்கியும் எனக்குப் படவில்லை.
"எனக்கு வலிக்கிறது இங்கே"
என்று கட்டைவிரலின் அடியைக் காட்டினாள்.
கூழாங்கல் ஒன்றைத் தோலுக்குள் வைத்துத் தைத்ததுபோல் வீக்கம்.

பேனாவைக் கேட்டாள்.
இரு விரலால் பிடிக்க வரவில்லை.
கைப்பிடிக்குள் உலக்கைபோல் இறுக்கிக்கொண்டு
அவனுக்கு ஒவ்வொன்றாய் விரல் வரைந்தாள்,
இடது கையில் ஐந்து,
வலது கையில் ஐந்து, ஒன்று மட்டும் நீளமாய்.
கட்டைவிரலடியில் குத்திக் குத்தித் தாள் கிழிந்தது.

இரவு மேற்பார்வையாளர் போனில் கேட்டார்:
"பதினொன்றில் எத்தனை?"
"படிவத்தின்படி நான்கு.
கம்பத்தின்படி பத்து."
"எந்தக் கம்பம்?"

சொல்ல ஆரம்பித்தேன். சிக்னல் இல்லை.

சிர்குத்தின் படிவம் செல்லாது என்று தெரியும்.
மாற்றி எழுத வேறு தாளும் இருந்தது.
கிழிசல் மேலும் பெரிதாகாமல் மடித்து
கட்டின் நடுவில் செருகினேன்.
ஊரில், கணினியில் ஏற்றுகிற பெண்
அந்தப் பத்து விரலை எந்தப் பொத்தானில் அழுத்துவாளோ.
அவளுக்கும் மணிக்கட்டு வலி உண்டு.