ஆளில்லாத இடம்

என் வேலைக்குப் பெயர் தொடர்ச்சி.
முந்தைய ஷாட்டில் இடது கையில் இருந்த தேநீர்க் குவளை
அடுத்த ஷாட்டில் வலது கைக்குத் தாவிவிடாமல் பார்த்துக்கொள்வது.
சிகரெட் எத்தனை விரற்கடை எரிந்திருந்தது,
ஹெல்மெட் கண்ணாடியில் மூச்சு எதுவரை படிந்திருந்தது,
எல்லாம் என் குறிப்பேட்டில் இருக்கும்.

அல்மாட்டிக்கு வெளியே
மூடிப்போன ஒரு நெசவாலைக்குள் நிலா கிடக்கிறது.
நாற்பது லாரிச் சாம்பல், சலித்த சிமெண்ட்,
கூரை ஒழுகும் மூலையில் ஒரு வாளி.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில்
ஒரு கசாக் பெண் இங்கே இறங்கப்போகிறாள்.
அப்படி ஒருத்தி இறங்கவில்லை என்பது
எங்கள் தொடருக்கு மட்டும் தெரியாது.

நடக்காத வரலாற்றுக்குத்தான் தொடர்ச்சி அதிகம் வேண்டும்.
நடந்தது எப்படி வேண்டுமானாலும் முரண்பட்டுக்கொள்ளலாம்,
யாரும் கடிதம் எழுதிக் கேட்கப்போவதில்லை.
வராத ஒரு செவ்வாய்க்கிழமையின் செய்தித்தாளில்
ரொட்டி விலை சரியாக இருந்தாக வேண்டும்.

கலப்பலகையில் செய்த கப்பல்
காமிராவுக்குக் கலப்பலகையாகவே தெரிந்தது.
நிஜ உலோகம் வேண்டுமென்றான் செரிக்போல்.
நான்காம் நாள், ஜெஸ்கஸ்கான் பக்கமிருந்து
கைரொல்லா வந்தான், லாரி நிறைய
வானத்திலிருந்து விழுந்ததை ஏற்றிக்கொண்டு.
கிலோ கணக்கில் விலை. பேரம் ஒரு மணி நேரம்.
வளைந்த பெரிய தகடு ஆட்டுப்பட்டிக்குக் கூரையாக இருந்ததாம்.
"இருபது குளிர்காலம் இதன் கீழேதான் ஈன்றன" என்றான்,
ஆடுகளைப் பற்றியா, விலையை ஏற்றவா, தெரியவில்லை.
வட்ட மூடி தண்ணீர்த் தொட்டி.
அதுதான் இப்போது எங்கள் நிலாக்கலத்தின் கதவு.

பணம் எண்ண ஆள் வரும்வரை
உட்கார்ந்து ஒத்திகை பார்த்தான்.
ஜானெர்கே இருக்கையில் மல்லாந்து
பத்திலிருந்து தலைகீழாக எண்ணினாள்.
நான்கு பேர் கப்பலைப் பிடித்து உலுக்கினார்கள்.
கைரொல்லா கை தட்டினான், உண்மையாகவே.
பிறகு கேட்டான்:
"முதல் அடுக்கு கழன்றதே,
உங்கள் கதையில் அது எங்கே விழுகிறது?"

எழுத்தாளர்கள் ஐந்து பேர் அங்கே இருந்தார்கள்.
ஒரு போரை நிறுத்தியிருந்தார்கள் அவர்கள்.
சாக வேண்டிய இரண்டு தலைவர்களைப்
பதினோரு ஆண்டுகள் சாகாமல் வைத்திருந்தார்கள்.
தெமிர்லான் தாளைப் புரட்டினான், தாளில் இல்லை.
"அது... ஆளில்லாத இடத்தில் விழும்."

கைரொல்லா சிரித்தான். குத்தலாக அல்ல,
தெருவில் பழைய பள்ளித் தோழனைப் பார்த்ததுபோல.
"எங்கள் வரலாற்றிலும்
அப்படித்தான் எழுதியிருந்தார்கள்."

பணத்தை இரண்டு முறை எண்ணினான்.
ரசீது கேட்டான். போனான்.

மறுநாள் இளஞ்சிவப்புத் தாளில்
புதுக் காட்சி வந்தது, முப்பத்தொன்று அ.
புல்வெளி. ஒருவன் கயிறு முறுக்குகிறான்.
பெண்குதிரை தலை தூக்கிப் பார்க்கிறது.
சத்தம் பிறகுதான் வருகிறது.
மொத்தம் பதினோரு விநாடி.
அதற்கு மறுநாள் தயாரிப்பாளர் அடித்துவிட்டார்:
குதிரைக்குப் பட்ஜெட் இல்லை.
தெமிர்லான் ஒன்றும் சொல்லவில்லை.
வாளியில் நிறைந்த மழைநீரைத் தானே கொண்டுபோய்க் கொட்டினான்.

பன்னிரண்டாம் காட்சி. கதவை மூட வந்த ஜானெர்கே
தும்மிக்கொண்டே இருந்தாள்.
எவ்வளவு கழுவியும் மழையில் நனைந்த ஆட்டு வாடை.
கீலில் சிக்கியிருந்ததை
ஒப்பனைப் பெண் இடுக்கியால் எடுக்கப் போனாள்.
விடு, என்றேன்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
காட்சி 12, கதவு, கீழ்க் கீல்.
ஆட்டு ரோமம், மூன்று இழை, வெள்ளை.
காட்சி 40, நிலாவில்: இருக்க வேண்டும்.

காற்றில்லாத இடத்தில் அது அசையக் கூடாது.
நாற்பதாம் காட்சி அன்று
மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னேன்.