தலைக்குப் பின்னால் தெரிந்த வீடு

ருக்கம்மா கொண்டுவந்தது வரைபடமல்ல,
கீறல் விழுந்த ஒரு செல்போன்.
அதில் நாற்பது ஸ்கிரீன்ஷாட்.
எல்லாவற்றிலும் நடுவில் அவள் புருஷன் மாதப்பன்,
வாய் பாதி திறந்து, கண் பாதி மூடி.
"இவரை விடுங்க மேடம், பின்னாடி பாருங்க."

பின்னால்
இடது காதையொட்டிப் பாதிச் சன்னல்,
தோளுக்கு மேல் மூன்று படி,
உச்சந்தலையில் முளைத்தாற்போல்
வானத்தைப் பார்த்து வளைந்த ஒரு கூரை நுனி.
"இந்த வீடு வேணும்.
ஜெகதேவி ரோட்டுல எட்டு சென்ட் இருக்கு."

பதினான்கு வருஷமாகப் பர்கூரில் பிளான் போடுகிறேன்.
போர்ட்டிகோ கேட்பார்கள், வாஸ்து கேட்பார்கள்,
மாடியை வாடகைக்கு விட வெளியே படி கேட்பார்கள்.
ஒரு காதுக்கும் தோளுக்கும் இடையில் தெரிந்ததைக்
கட்டித் தரச் சொன்னவள் இவள் ஒருத்திதான்.

மிச்சத்தை நான் தேடிப் படித்தேன்.
தாய்லாந்து வீடு தரையில் உட்காராது,
ஆளுயரக் கால்களில் நிற்கும்.
நடுவே கூரையில்லாத தளம்,
அதைச் சுற்றித் தனித்தனியாய் அறைகள்.
படிகள் ஒற்றைப்படை.
நிலைவாசல் உயரம்; தாண்டலாம், மிதிக்கக் கூடாது.
சுவர்கள் மேலே போகப்போக உள்ளே சாயும்.

சாயும் என்றதும் சென்றாயன் மேஸ்திரி
தூக்குகுண்டைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.
"கோணச் சுவர் வெச்சான் சென்றாயன்னு
சந்தூர் வரைக்கும் பேசுவாங்க."
அடிக்கு இத்தனை நூல் என்று
அட்டையில் நான் வெட்டித் தந்த முக்கோணத்தை
மூன்று நாள் முறைத்தார்.
நாலாம் நாள் அதையே
தூக்குக் கயிற்றில் கட்டிக்கொண்டு வந்தார்.

ஒன்றரை அடி தோண்டியதும் பாறை.
தேக்கு விலையைக் கேட்டு ருக்கம்மா சிரித்தாள்,
அடங்க நேரமானது.
விளிம்பு உடைந்ததென்று குவாரியில் ஒதுக்கிய
கருங்கல் தூண்கள் இருபது
பாறையில் துளையிட்டு நிறுத்தினோம்.
கூரை நுனிகளை வளைத்தது
லாரி பாடி கட்டும் பட்டறை.
ஒன்று கொஞ்சம் கூடுதலாய் வளைந்துவிட்டது.

நிலத்துச் சாமிக்கு முதலில்
கம்பத்தின் மேல் ஒரு குட்டி வீடு வைப்பார்களாம், என்றேன்.
"புளியமரத்துக்கிட்ட முனியப்பன் இருக்காரு.
கூரை போட்டா கோவிச்சுக்குவாரு."

"வெள்ளம் வர்ற ஊர்க்காரன் கால் வெச்சுக் கட்டுறான்.
ஆயிரம் அடி போர் போட்டாலும்
புழுதி பறக்குற ஊர்ல இது எதுக்கு?"
பக்கத்துத் தோப்பு கிட்டப்பா கேட்டதற்கு
நான் பதில் தேடினேன், அவள் தேடவில்லை.
மே மாதம் அதே கிட்டப்பா
செந்தூராவைத் தரம்பிரிக்க
அந்தக் கால்களுக்கு நடுவே சாக்கு விரித்தார்.

ஆனியில் மாதப்பன் வந்து இறங்கினார்.
சரபுரியில் ஒன்பது வருஷம் கல் பாலீஷ்.
பெட்டியைக் கீழே வைக்காமல்
அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.
பிறகு சொன்னார், அவளிடம் அல்ல, என்னிடம்:
"இது எங்க முதலாளி வீடுங்க.
நான் உள்ள போனதே இல்ல.
தகர ஷெட்ல பதினோரு பேர் படுத்திருந்தோம்.
அந்தப் படிகிட்டதான் சிக்னல் கெடைக்கும்."

ருக்கம்மா சிமெண்ட் கையைப் புடவையில் துடைத்தாள்.
"தெரியும்" என்றாள்.
எப்போதிருந்து என்று
அவரும் கேட்கவில்லை, நானும்.

ஆவணியில் பால் காய்ச்சினார்கள்.
நிலைவாசலில் இரண்டு முறை இடித்துக்கொண்டார் மாதப்பன்.
பந்தி முடிந்து, சேர்களை டெம்போவில் ஏற்றியபின்
அவரைக் கீழே அனுப்பினாள்.
"போய் நின்னு கூப்பிடுங்க."

மேல்தளத்தில் அவள் கையில் போன் ஒளிர்ந்தது.
"கொஞ்சம் இந்தப் பக்கம்.
இன்னும்.
ஆங், தலையைத் தூக்காதீங்க."
கூடுதலாய் வளைந்த அந்த நுனி
அவர் உச்சந்தலையில் முளைக்கும் வரை நகர்த்தினாள்.

"சாப்பிட்டீங்களா?"

எங்களோடு ஒரே பந்தியில்
இரண்டு முறை பாயசம் வாங்கியவர்
போனைப் பார்த்துச் சொன்னார்,
"இன்னும் இல்ல."