மை படாத விரல்

பிறையில், எங்கள் அலுவலகத்தில்,
காலை ஒன்பது.
அங்கே இன்னும் நேற்று.
எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

சுவரில் சத்தமில்லாத தொலைக்காட்சி.
ஒரு மாநிலம் சிவக்கிறது, ஒன்று நீலமாகிறது.
முதலாளி கோர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
கால்குலேட்டரைத் தட்டுகிறார்:
பத்து விழுக்காடு என்றால்,
இருபத்தைந்து என்றால்.
தட்டி, அழித்து, மறுபடி தட்டி.
ரொஹானா வாங்கி வைத்த தே தாரேக்
ஆடை கட்டிக் கிடக்கிறது.

என் வேலை பாரம் நிரப்புவது.
பொருள்: மின்சில்லு, சோதிக்கப்பட்டது.
எடை. மதிப்பு. சேருமிடம்.
பிறப்பிடம் என்றொரு கட்டம் உண்டு,
கை எப்போதும் அங்கேதான் நிற்கும்.
மணல் எங்கோ அள்ளியது,
தட்டு வேறெங்கோ வார்த்தது,
கோடு கீறியது இன்னோர் ஊரில்,
பாயான் லெப்பாசில் இரவு வேலைக்காரி ஒருத்தி
சூடு காட்டி, குளிர் காட்டி,
பிழைக்குமா என்று பார்த்து அனுப்பியது.
மலேசியா என்று எழுதுவேன்.
ஒருமுறை கவுண்டரில் என்னையும்
எங்கிருந்து என்று கேட்டார்கள்,
பிறகு, இல்லை, உண்மையிலேயே எங்கிருந்து என்று.
நானும் இதையேதான் சொன்னேன்.

நாற்பத்தொரு கொள்கலன்கள் நடுக்கடலில்.
ஏறும்போது ஒரு விலை.
இறங்கும்போது ஆள்பவர் வைத்த விலை.

பத்தரைக்குக் குணாளன், என் தம்பி,
லுமுட்டிலிருந்து அழைக்கிறான்.
கடற்படைக்காரன், அதிகம் பேசமாட்டான்.
"அக்கா, யாரு முன்னால?"
"உனக்கென்னடா அதில?"
"அடுத்த மாசம் கூட்டுப் பயிற்சி. அவங்க கப்பல்
வருமா வராதான்னு எங்க ஆபீசருக்கே தெரியலை."
கிழக்கே, நம் எண்ணெய்க் கிணறுகளுக்குப் பக்கத்தில்
இன்னொருவர் கப்பல், வெள்ளை நிறம்,
இவனுடையதைப் போல் நான்கு மடங்கு,
பதினாறு நாளாக நிற்கிறதாம்.
சும்மாதான் நிக்குது, என்றான்.
சும்மா என்ற சொல்லை
இவ்வளவு மெதுவாக அவன் சொல்லி
நான் கேட்டதில்லை.

ரெண்டு யானை முட்டினால்
சாவது நடுவில் நிற்கும் சருகுமான்,
என்கிறாள் ரொஹானா, அவள் பாஷையில், பெருமூச்சோடு.
சருகுமான் அடுத்த பாரத்தை எடுக்கிறது.

போன தேர்தலில் தமிழ்ப்பள்ளி வகுப்பறையில்
வாய்ப்பாட்டு அட்டைக்குக் கீழே வரிசையில் நின்றேன்.
இடது சுட்டுவிரல் நகத்தில் வைத்த மை
ஒரு மாதம் போகவில்லை,
சோறு பிசையும்போதெல்லாம் கண்ணில் பட்டது.
அந்த ஓட்டுக்கு எங்கள் தெருவில்
ஒரு விளக்கு வந்தது. இன்னும் எரிகிறது.
இன்று போட்டவர்கள் யாரும்
பிறை என்றால் நிலா என்றுகூட அறியமாட்டார்கள்.
என் ஓவர்டைமும்
தம்பி எந்தக் கடலில் தூங்குவான் என்பதும்
அவர்கள் பெட்டியில்.

ஒன்றரைக்கு ஒரு முகம் சிரித்தது.
கோர் திரையை அணைத்தார்.
வெள்ளிக்கிழமைச் சரக்கைப் புதனுக்குத் தள்ள
முடியுமா பார் என்றார்.
புதன் இன்றுதான். சொல்லவில்லை.
ரொஹானா தொழப் போனாள்.

அச்சுப்பொறியில் மை தீர்ந்திருந்தது.
மாற்றினேன். சுட்டுவிரலில் கறுப்பு.
குழாயடியில் ஒரே தேய்ப்பில் போய்விட்டது.

கை துடைக்கும்போது கைப்பேசி அதிர்ந்தது.
குணாளன்:
இன்னும் நிக்குது.