மேல்வீட்டுத் தண்ணீர்

விதைப் பொட்டலத்தில் அச்சடித்திருந்த பறவை
நம்மூர்ப் பறவை இல்லை.
அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்குமாம்.
கடல் தாண்டி அயனாவரம் வர
அதற்கு வழி தெரியாது.
மயில் மாணிக்கம், இருபத்தைந்து ரூபாய்.
எண்ணிப் பார்த்தேன், விதைகள் பதினொன்று.
ராத்திரி ஊறவைத்துக் காலையில் புதைத்தேன்.

வாடகைக்கு இருப்பவள்
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
ஒப்பந்தத்தின் நான்காவது ஷரத்து.
ஐந்தாவது:
இரவு ஒன்பதுக்கு மேல் தையல் மிஷின் ஓடக் கூடாது.
கொடி எந்த ஷரத்தையும் படித்ததில்லை.
நாலு இலை விட்டதும்
பிடிக்க எதுவுமில்லாமல்
காற்றைத் துழாவ ஆரம்பித்தது.
ஓவர்லாக் நூலை எட்டாக முறுக்கி
நுனியில் ஒரு பாபின் கட்டி
மேல்வீட்டு ஏசியின்
அவுட்டோர் யூனிட்டுக்கு வீசினேன்.
ஏழாவது வீச்சில்
இரும்புக் காலில் மாட்டியது.

ரெஹானாவின் ஏசி.
கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி அவளுக்கு.
காலை எட்டரைக்கு அந்தப் பெட்டி
ஒருமுறை செருமும்.
அப்புறம் சாயங்காலம் வரை
குழாய் முனையிலிருந்து
சொட்டு
சொட்டு
நேராக என் தொட்டியில்.
நான் ஒரு குவளை ஊற்றியதில்லை.
அவள் தூங்கத் தூங்க
என் செடி வளர்ந்தது.

ஒரு நாளைக்கு நாலு இஞ்சு.
சும்மா சொல்லவில்லை,
டேப் கழுத்திலேயே தொங்குகிறதே.
சீப்புப் பல்லாய் இலை,
விடிந்ததும் ஐந்து முனைச் சிவப்பு,
வெயில் ஏறினால் சுருங்கிவிடும்.
பங்குனியில் கொடி மாடி ஜன்னலைத் தொட்டது.
தேன்சிட்டு வந்தது.
கட்டைவிரல் அளவு, கத்தலோ தெரு அளவு.
இது அந்தரத்தில் நிற்கிற ஜாதி இல்லை,
தலைகீழாய்த் தொங்கித்தான் குடிக்கும்.
பொட்டலத்துப் படத்தை
ஊசி டப்பாவுக்கு அடியில் போட்டேன்.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய அன்று
சொட்டு நின்றது.
மறுநாளும் இல்லை.
மூன்றாம் நாள் இலைகள் நூல்போல் தொங்கின.
காலி பண்ணிவிட்டாளா,
பகல் டியூட்டிக்கு மாறிவிட்டாளா,
கரண்ட் பில்லா?
என் தண்ணீரை யாரோ நிறுத்திவிட்டதுபோல்
கோபம்தான் முதலில் வந்தது.
படியேறினேன்.

ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு
கதவைத் திறந்தாள்.
தூங்காத கண்.
நான் வாயெடுக்கும் முன்
உதட்டில் விரல் வைத்து
ஜன்னலுக்குக் கூட்டிப்போனாள்.
நான் நூல் கட்டிய இடத்தில்,
அவுட்டோர் விசிறிக்கு நேர் எதிரே
சின்னச் சுருக்குப்பை மாதிரி
ஒரு கூடு.
ஒட்டடை, தேங்காய் நார்,
இடையில் கிளிப்பச்சையில் ஒரு இழை.
வில்லிவாக்கத்துக் கல்யாணப் பெண் ரவிக்கைக்கு
நான் வாங்கிய நூல் அது.
பைக்குள் இரண்டு அலகுகள்.

"போட்டா அனல் அடிக்கும்ல, டெய்லர் அக்கா.
இன்னும் ஒரு வாரம்தான்."
டேபிள் ஃபேன்
இல்லை இல்லை என்று
தலையாட்டிக்கொண்டிருந்தது.

இறங்கி வந்து
ஒரு குடம் லாரித் தண்ணீரில்
இரண்டு செம்பு தொட்டிக்கு ஊற்றினேன்.
உட்கார்ந்து மிஷினில் கால் வைத்தபோதுதான்
உறைத்தது:
இந்தச் சத்தத்துக்கு நேர் மேலே
அவள் கட்டில்.
ஒன்றரை வருஷம்.
ஒரு வார்த்தை சொன்னதில்லை அவள்.

அந்த வாரம் முழுக்க
பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை
கை வேலை மட்டும்.
கொக்கி, ஹெம்மிங், காஜா.
வில்லிவாக்கத்துக்காரி இரண்டு தடவை போன் செய்தாள்.
ஆகிவிடும், ஆகிவிடும் என்றேன்.

ஒரு வியாழக்கிழமை எட்டரைக்குப்
பெட்டி செருமியது.
எட்டிப் பார்த்தேன்.
கூடு ஆடிக்கொண்டிருந்தது, காலியாக.
கொடியும் பாதி காய்ந்து
கறுப்பு விதைகளைத் தொட்டியில் உதிர்த்திருந்தது.
அதன்மேல்
முதல் சொட்டு விழுந்தது.

மிஷினில் கால் வைத்தேன்.
எடுத்துவிட்டேன்.