உறவுமுறை

"தனியவோ வந்தனீங்கள்?"
லொட்ஜ்காரர் கேட்டார், சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு.
ஆட்டோக்காரர் கேட்டார், கண்ணாடிக்குள்ளால்.
சாப்பாட்டுக் கடையில் இலை போட்ட பையன் கேட்கவில்லை.
எதிர்க் கதிரையைப் பார்த்தான்,
அங்கேயும் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்துவிட்டுப் போனான்.

மஸ்கெலியாத் தபால் கந்தோரில்
பதினான்கு வருஷம் கடிதம் பிரித்தவள் நான்.
சுவர்ப் பலகையில் மேலிருந்து மூன்றாவது அறை,
வெள்ளைப் பெயின்ட்டில்: யாழ்ப்பாணம்.
எத்தனையோ பேரின் கல்யாணத்தையும் சாவையும்
அதற்குள் எறிந்திருக்கிறேன், குறி தவறாமல்.
லீவு ஐந்து நாள் மிச்சம் இருந்தது.
அந்த அறைக்குள் என்னையும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன்,
அவ்வளவுதான்.

கோட்டை மதிலில் பவளக்கல்.
தொட்டால் உள்ளங்கையில் சொரசொரவென்று கடல்.
அங்கே ஆறு குடும்பங்களுக்குப் படம் எடுத்துக் கொடுத்தேன்.
"அக்கா, இன்னுமொருக்கா, இவன் கண்ணை மூடிட்டான்."
ஒருவர் போனிலும் நான் இல்லை.
விரல் நுனி மட்டும் ஏதாவது ஒரு மூலையில்
மங்கலாக இருக்கலாம்.

மந்திரி மனைக்குள் மரத்தில் செதுக்கிய வேலைப்பாடு.
பக்கத்துச் சுவரில் கரியால்
கஜன் + நிலா.
நிலாவை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள், தடம்தான் தெரிந்தது.
கஜனும் கூட்டல் குறியும் மிச்சம்.
அரை மணி நேரம் நின்றேன்.
மரத்துக்காகவா அந்தக் குறிக்காகவா என்று
எனக்கே சரியாகத் தெரியாது.

நல்லூரில் அன்று மஞ்சத் திருவிழா.
வீதியெல்லாம் மணல், வாகனம் மறித்திருந்தார்கள்.
செருப்பைக் கொடுத்தேன், துண்டு தந்தார்கள்: 418.
இந்த நகரத்தில் எனக்கென்று இருந்த ஒரே இலக்கம்.
கூட்டம் என்னைத் தாலாட்டியது என்று பொய் சொல்லமாட்டேன்.
முழங்கையால் இடித்தது, வியர்வையால் நனைத்தது,
யாருடையதோ கற்பூரச் சூடு காதருகே போனது,
ஒரு பிள்ளையின் பலூன் என் கன்னத்தில் உரசிக் கீச்சிட்டது.
ஒலிபெருக்கி ஓயவில்லை:
"சுன்னாகத்திலிருந்து வந்த கிருத்திகன், வயது ஐந்து, நீலச் சேட்..."
"அளவெட்டி தங்கரத்தினம், உங்கள் மருமகள்
இங்கே அழுதுகொண்டு நிற்கிறார்..."
தொலைந்த எல்லோருக்கும் தேட ஓர் ஆள்.

என்ன பேய் பிடித்ததோ,
அறிவிப்புக் கொட்டிலுக்குப் போனேன்.
"ஆரைத் துலைச்சனீங்கள்?"
தொண்டர் பட்டி கட்டிய பெடியன், கோடு போட்ட கொப்பி.
"பூங்காவனம்" என்றேன். "மஸ்கெலியா."
"வயது?"
"நாற்பத்தொன்று."
"என்ன உடுப்பு?"
குனிந்து பார்த்துச் சொன்னேன், "பச்சைச் சேலை. கரும்பச்சை."
அவன் நிமிரவேயில்லை.

மூன்று தரம் சொன்னார்கள்.
படிவங்களில் மட்டும் இருந்துவந்த பெயர்
கோபுரத்தில் பட்டு, ஐஸ்கிறீம் கடைகளில் பட்டு,
பருத்தித்துறை வீதிப் பக்கம் போய்த் திரும்பி வந்தது.
"எங்கிருந்தாலும் உடனடியாக வரவும்."
நான் கச்சான் கொறித்துக்கொண்டு நின்றேன்.
பக்கத்தில் ஒரு பெண் நெஞ்சில் கை வைத்தாள்.
"மலைநாட்டிலயிருந்து வந்த மனிசி. பாவம்,
வழி தெரியாம எங்க நிக்குதோ."
"ஓம்" என்றேன்.
உண்மையாகவே கொஞ்சம் கவலையாக இருந்தது.

நாலாவது தரம் அறிவிப்பாளரின் குரல் கம்மியிருந்தது.
வெட்கமாகிவிட்டது.
கச்சான் சரையை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்,
"கிடைச்சிட்டாங்க" என்றேன்.
பெடியன் சிரித்தான்,
தன் வீட்டு ஆள் கிடைத்த மாதிரி.
பெயரைக் கோடிட்டு வெட்டிக் கொப்பியைத் திருப்பினான்.
பொறுப்பேற்பவர் கையொப்பம். போட்டேன்.
"உறவுமுறையையும் எழுதுங்கோ, அக்கா."

பேனையும் கையுமாக நின்றேன்.
பின்னால் ஒருவர் நீலச் சேட்டைப் பற்றி அவசரப்பட்டார்.
"தெரிந்தவர்" என்று எழுதினேன்.
பிறகு அதற்கு முன்னால், இருந்த இடத்தில் நெருக்கி,
"ஓரளவு."