சிவப்பு மை, நீல மை

முதல் குவார்ட்டருக்கும் மூன்றாவதற்கும் சிவப்பு மை.
இரண்டுக்கும் நாலுக்கும் நீலம்.
கூடை விழுந்தால் எண்ணின் மேல் ஒரு சாய்கோடு,
பக்கத்தில் போட்டவளின் ஜெர்சி எண்.
ஃப்ரீ த்ரோ என்றால் புள்ளி மட்டும்.
மேசையில் உட்கார்ந்தவள் கை தட்டக் கூடாது.
ஜூலையில் முட்டிக்குள் ஏதோ அறுந்த பிறகு
எனக்குக் கொடுத்த வேலை இது.

ஆகஸ்டில் லீக் தொடங்கியபோது
என் ஒன்பதாம் எண்ணைப் போட்டுக்கொண்டு
ஷெரின் பானு ஓடினாள்.
தொளதொளவென்று இருந்ததால்
கக்கத்தில் ஊக்கு குத்தியிருந்தாள்.
முதல் ஆட்டத்தில் மூன்று கூடை.
மூன்றையும் நானே எழுதினேன்.
மூன்றாவதில் பேனா கொஞ்சம் அழுத்திவிட்டது.
கார்பனைத் தாண்டி அடித்தாளும் கிழிந்தது.
பொறாமை என்று யாரும் சொல்லவில்லை.
மட்டமான பேனா என்றார்கள்.

ஐப்பசியில் வானமும் பெயர் கொடுத்துவிட்டது.
சேத்துப்பட்டில் பாதி ஆட்டம்,
பல்லாவரத்தில் டாஸோடு சரி.
நந்தனத்து எங்கள் சிமெண்ட் தரையில்
பழைய பெட்ஷீட்டால் ஒற்றி, வாளியில் பிழிந்து,
திரும்ப ஒற்றி,
நடுவட்டம் காய்கையில் வளையத்தடியில் குளம்.
மின்சார ரயில் நின்றுபோன ஒரு மாலை
மரகதவல்லி கிண்டியிலிருந்து
சைதாப்பேட்டைப் பாலம் தாண்டி நடந்தே வந்தாள்,
முழங்கால் வரை சேறு,
பிளாஸ்டிக் பைக்குள் நனையாத சாக்ஸ்.
அன்று அவள் கணக்கில் பதினெட்டு.
ஸ்கோர் தாளில்
சேற்றுக்கு ஒரு கட்டம் கிடையாது.

மார்கழியில் வரிசையாக மூன்று தோல்வி.
தை பிறந்தது.
வழியெல்லாம் பிறக்கவில்லை.
பெரம்பூர் அணிக்கு பஸ் பழுதாகி
எங்களுக்கு வாக்ஓவர் பிறந்தது.
அந்த இரண்டு புள்ளியில் தொற்றிக்கொண்டுதான்
இறுதிக்கு வந்தோம்.
இதை இப்போது யாரும் சொல்வதில்லை,
ஆனால் தாள் என்னிடம் இருக்கிறது.

இறுதி ஆட்டம், சனிக்கிழமை ராத்திரி.
நாலு விளக்கில் ஒன்று எரிந்து எரிந்து அணைகிறது.
எங்கள் மைதானம், எங்கள் மேசை,
மாடியெல்லாம் ஹாஸ்டல் பிள்ளைகள்,
தட்டும் டம்ளரும் தாளம்.
நாலாவது குவார்ட்டர். நீலம்.
மூன்று நிமிடம் மிச்சம் இருக்கும்போது விசில்.
நடுவர் மேசைப் பக்கம் திரும்பி விரல் காட்டினார்:
பன்னிரண்டு.
மரகதவல்லி பெயருக்கு நேரே
நாலு கட்டம் நிரம்பியிருந்தது.
மாடி அமைதியாகி என் பேனாவைப் பார்த்தது.
எழுதினேன்.
ஐந்து என்ற சிவப்பு அட்டையைத் தூக்கினேன்.
அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
பெஞ்சில் போய்
தலையில் துண்டைப் போட்டுக்கொண்டாள்.

பதினோரு விநாடி. ஐம்பத்தொன்பது, அறுபது.
ஷெரின் இடது பக்கம் வெட்டினாள்,
அவளுக்கு வராத பக்கம்,
வராத கை.
பலகையில் பட்டது,
வளையத்தின் விளிம்பில் ஏறிப்
பந்து யோசித்தது.
மேசையடியில் நல்ல காலால்
தரையை உதைத்தேன்.
அதை யாரும் எழுதவில்லை.

அறுபத்தொன்று. சாய்கோடு.
பக்கத்தில் ஒன்பது.
கை நடுங்கி
ஒன்பது பாதி பூஜ்யமாய் வந்தது.

அவர்கள் நடுவட்டத்தில் குவியலாய்க் கிடந்தார்கள்.
துண்டோடு ஓடிவந்து மரகதவல்லியும் மேலே விழுந்தாள்.
போட்டோ எடுக்கும் நேரத்தில் நான்
கடைசி எண்ணை வட்டமிட்டு
அடியில் இரட்டைக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.
நடுவர் என் நீலப் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டுத்
தன் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.
கோப்பையில் ஊற்றிய ரோஸ்மில்க்
மேசை வருமுன் தீர்ந்திருந்தது.

எல்லாம் அடங்கியபின் ஷெரின் வந்தாள்,
கையைத் தூக்கிக்கொண்டு.
"அக்கா, கழட்ட முடியல.
ஊக்கு துரு ஏறிடுச்சு."
ஆறு மாத வியர்வை.
துணியை ஒரு கையால் பிடித்து
நகத்தால் நெம்பினேன், பல்லால் இழுத்தேன்.
அசையவில்லை.
விளக்கை அணைக்க வாட்ச்மேன் விசிலடித்தார்.
அப்படியே விட்டுவிட்டோம்.